உட்பொருட்கள்: பின்பக்கம் பார்க்கவும்

அச்சகத்தில் பிழை திருத்தும் அவரை எல்லோரும் ‘கமா சார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரே ஒரு காற்புள்ளிக்காக நாற்பதாயிரம் ஷாம்பு லேபிள்களை அச்சேறவிடாமல் நிறுத்தியதால் வந்த பெயர் அது. இருபத்திரண்டு வருடம் மேசைமேல் குனிந்து குனிந்து ஆளே அந்த வடிவத்துக்கு வந்துவிட்டதால், புதிதாகச் சேர்ந்தவர்கள் பெயர்க்காரணத்தை வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள். கண்ணில் படுவதையெல்லாம் திருத்துகிறவர் அதை மட்டும் திருத்தவில்லை.

இருமல் மருந்து, சோப்பு, நாய் பிஸ்கட் என்று எதன் லேபிளாக இருந்தாலும் அவர் பூதக்கண்ணாடிக்குத் தப்பித்துத்தான் கடைக்குப் போக வேண்டும். அப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு பலவீனம், பாலுக்குப் பதிலாகக் காபியில் போடும் க்ரீமர் பொடி. குவித்துக் குவித்து மூன்று கரண்டி போடுவார்.

“காபில பொடி போடுறீங்களா, பொடில காபி ஊத்துறீங்களா?” என்பாள் மனைவி.

மச்சினி கால்நடை மருத்துவர். கன்றைத் தாயிடமிருந்து பிரிக்கும் கதையை ஒருமுறை அவள் சொன்னதிலிருந்து கமா சார் பாலைத் தொடுவதில்லை. அதைப் போகிற இடமெல்லாம் சொல்லியும் வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவளிடமும் சொன்னார். அவள் க்ரீமர் பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பினாள்.

“அத்தான், முன்னாடி ‘பால் கலக்காதது’ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. பின்னாடி ‘பால் புரதம்’னு இருக்கு. அது போதாதுன்னு பாமாயில் வேற. எந்தக் காட்டை அழிச்சு நட்ட எண்ணெய்ப் பனையோ!”

“இந்த லேபிள் உங்க அச்சகத்துல அடிச்சது தானே?” என்றாள் மனைவி. “யாரு சரி பார்த்தது?”

கமா சார் பாட்டிலை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நெடுநேரம் படித்தார்.

“எழுத்துப்பிழை ஒண்ணும் இல்லையே,” என்றார்.

அக்காவும் தங்கையும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவருக்கு அன்று காபி இறங்கவில்லை. ‘பால் கலக்காதது’ என்ற வரியில் புள்ளி, கால் எல்லாவற்றையும் பார்த்தோமே, அது உண்மையா என்று பார்க்கத் தோன்றவில்லையே என்பது முள்ளாய்க் குத்தியது.

மறுநாளிலிருந்து வேட்டை ஆரம்பித்தது. சோயா பால் சூடான காபியில் விழுந்ததும் திரிந்து திட்டுத்திட்டாக மிதந்தது. பாதாம் பால் ருசியாகத்தான் இருந்தது, ஆனால் பாதாம் தோட்டம் குடிக்கிற தண்ணீரைப் பற்றிப் படித்துவிட்டார். முந்திரி உடைக்கும் பெண்களின் விரல்களை அதன் ஓட்டெண்ணெய் சுடுமாம். ஒவ்வொன்றுக்கும் மச்சினிக்கு போன் போடுவார். கடைசியில் அவள் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னாள்:

“அத்தான், நான் மாட்டு டாக்டர். என்கிட்ட வந்து முந்திரி பத்திக் கேட்டா நான் என்ன சொல்ல?”

மூன்றாவது வாரம் கடையின் மேல்தட்டில் ‘வெள்ளை மனசு’ கிடைத்தது. ஓட்ஸில் செய்த க்ரீமர். பால் இல்லை, பாமாயில் இல்லை. ‘யாரையும் வருத்தாமல் தயாரித்தது’ என்று ஒரு வரி. பின்பக்கத்தைக் கடையிலேயே நின்று இரண்டு முறை படித்தார். ருசியும் பழைய பொடிக்குக் கிட்டத்தட்ட வந்தது.

அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. அச்சகத்தில் யார் கோப்பையைக் கண்டாலும் எட்டிப் பார்ப்பார். “இதுல என்ன கலந்திருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?” என்று ஆரம்பிப்பார். மெஷின்காரரும் வரவேற்பறைப் பெண்ணும் அவர் பேச்சுக்குப் பயந்தே ‘வெள்ளை மனசு’க்கு மாறினார்கள்.

இரண்டு மாதம் கழித்து அவர் மேசைக்குச் சரிபார்க்க ஒரு புரூஃப் வந்தது. ‘வெள்ளை மனசு’, புதிய பாட்டில், புதிய லேபிள். பரவசத்தோடு பூதக்கண்ணாடியை எடுத்தார். அடிவரியில் உற்பத்தியாளர் முகவரி எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. கதவிலக்கத்தில் ஆரம்பித்து அஞ்சல் குறியீடு வரை அவருக்கு அந்த முகவரி மனப்பாடம். பழைய பொடிக் கம்பெனிதான். கடையில் வாங்கிய பாட்டிலில் விநியோகஸ்தர் பெயர் மட்டும்தான் இருந்தது.

கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. பொய் என்று எழுத முடியாது, ஏனென்றால் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எழுத்தின் உயரத்தை அளந்தார். சட்டம் கேட்கும் அளவுக்கு ஒரு மயிரிழை குறைவு. சிவப்புப் பேனாவை எடுத்து, ‘உற்பத்தியாளர் பெயர் மிகச் சிறியது. பெரிதாக்கவும்’ என்று எழுதினார். அந்த மையில் தேவைக்கு மேல் அழுத்தம் இருந்தது.

நான்கு நாளில் திருத்திய லேபிள் திரும்பி வந்தது. பெயரைப் பெரிதாக்கியிருந்தார்கள். இடம் போதாததால் ‘யாரையும் வருத்தாமல் தயாரித்தது’ என்ற வரியை எடுத்திருந்தார்கள். கவனமான திருத்தத்துக்கு நன்றி என்று ஒரு குறிப்பு வேறு. அவர் ஒப்புதல் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை மச்சினிக்கு போன் போட்டார்.

“ஓட்ஸ் ஓட்ஸ் தானே அத்தான்? முன்னாடி குடிச்சதுக்கு இது எவ்வளவோ தேவலை. குடிங்க,” என்றாள்.

நியாயம்தான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஓட்ஸ் வாங்கி வந்து மிக்ஸியில் அரைத்தார். முதல் மூன்று தடவையும் கஞ்சிப் பசை மாதிரி கொழகொழத்தது. பச்சைத் தண்ணீரில் சட்டென்று அரைத்து, துணியைப் பிழியாமல் தானாக வடியவிட வேண்டும் என்று நான்காவது தடவையில் பிடிபட்டது. சின்ன பிளாஸ்கில் ஊற்றி அச்சகத்துக்கு எடுத்துப் போனார்.

மெஷின்காரர் பார்த்துவிட்டார்.

“என்ன சார் இது? எங்களையெல்லாம் மாத்திவிட்டுட்டு நீங்க கழண்டுக்கிட்டீங்க?”

“அது வந்து... அதைச் செய்யிற கம்பெனி...”

“சார், போதும். நாக்கு இப்பதான் இதுக்குப் பழகியிருக்கு. திரும்ப ஆரம்பிக்காதீங்க.”

கமா சார் காபியைக் கலக்கினார். மேலே லேசாக ஓட்ஸ் திப்பி மிதந்தது. கரண்டியால் ஒதுக்கிவிட்டுக் குடித்தார்.