அமரவிளை வீட்டுப் பித்தளைக் குழாய்

ஊர் நிருபர் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: எது ஒழுகினாலும், எது அடைத்துக்கொண்டாலும் நாம் எழுதினால் போதும், சரிசெய்ய வேண்டியவர் வேறொருவர். சொந்த வீட்டில் அடைத்துக்கொண்டால் அந்தச் சௌகரியம் செல்லாது. நெய்யாற்றின்கரை, பாறசாலைச் செய்திகளைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பிக்கொண்டு நான் அமரவிளையில் தனியே இருந்த காலத்தில் இதைக் கண்டுகொண்டேன். தாமே கஞ்சி வைத்துத் தாமே பாத்திரம் கழுவும் சகோதர நிருபர்களுக்குப் பயன்படலாம்.

மைத்துனர் கொண்டுவந்த சேதி

நான் குடியிருந்த வீடு ஒரு மராமத்து ஓவர்சியர் தமக்காகக் கட்டியது. அக்கம்பக்கத்தில் எங்கும் இல்லாத குளிமுறி, அதாவது வீட்டுக்குள்ளேயே குளிக்கும் அறை, அதில் இருந்தது. வெளிச்சுவரை ஒட்டி ஒரு தொட்டி. கிணற்றில் கோரி அதை நிரப்பினால், சுவரைத் துளைத்து வரும் இரும்புக் குழல் வழியே உள்ளே பித்தளைக் குழாயில் தண்ணீர் விழ வேண்டும். விழவில்லை, குழாய் இறுகிக் கிடந்தது. ஊரோடு நானும் குளத்தில் குளித்ததால் கவலைப்படவில்லை.

பிரசவத்துக்காக நாகர்கோவிலுக்குத் தாய்வீடு போன என் மனைவிக்குப் பிள்ளை தங்கவில்லை. உடம்பு தேறிய பிறகும் அவள் திரும்பவில்லை. ஒரு நாள் அவள் அண்ணன் வந்தார். காப்பியைக் குடித்து முடித்து, டம்ளருக்குள் பார்த்தபடி சொன்னார்: "குளத்துக்குப் போனா பொம்பளைக பிள்ளை எங்கேன்னு கேப்பாவளாம். வீட்டுக்குள்ள குளிக்க வழி உண்டானா வாறேன்னு சொல்லுதா, மச்சான்."

கொல்லன் கேட்டது

தேங்காயெண்ணெய் விட்டேன். மண்ணெண்ணெய் விட்டேன். துணியைச் சுற்றிக் கொதிநீர் ஊற்றினேன். குழாய் அசையவில்லை. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் புதுக் குழாய் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, பழையதைக் கழற்றக் குறடு கேட்டு உதியன்குளங்கரைக் கொல்லனிடம் போனேன்.

சுவருக்கு வெளியே ஒருவர் இரும்புக் குழலை அசையாமல் பிடிக்க வேண்டும், உள்ளே மற்றவர் பித்தளையைத் திருக வேண்டும் என்றான். பிடிக்க ஆளில்லாவிட்டால் குழலும் கூடவே சுழன்று சுவரைப் பெயர்க்குமாம். நான் ஒரு குறட்டை மட்டும் எடுப்பதைப் பார்த்துவிட்டு இன்னொன்றையும் நீட்டினான்: "ரெண்டையும் கொண்டு போவும் சாரே. இது ரெண்டாளு வேலையாக்கும். வீட்டுல ஆளு உண்டுமில்லியா?"

சகநிருபரின் யோசனை

உண்டு என்று சொல்லிவிட்டு வந்தேன். யாரைக் கூப்பிடுவது? ஊரில் எனக்குப் பெயர் பேப்பர்க்காரர். நான் காப்பிக் கடைக்குள் நுழைந்தால் அதுவரை நடந்த பேச்சு நின்று, மழை வருமா என்ற பேச்சு தொடங்கும். மழையைப் பற்றி அவர்கள் என்னிடம் சொல்லாதது எதுவும் இல்லை.

ஆகவே இரண்டாவது ஆளாக ஒரு கயிற்றை வைத்துக்கொண்டேன். வெளியே குழலில் குறட்டை மாட்டி, அதைக் கிணற்றுத் தூணோடு இழுத்துக் கட்டிவிட்டு, உள்ளே வந்து திருகினேன். கயிறு நழுவியது, சுவரில் ஒரு கை அகலம் காரை உதிர்ந்தது. அந்த நேரம் பார்த்து வேறொரு பத்திரிகையின் நெய்யாற்றின்கரை நிருபர் வந்தார். கொஞ்சம் பிடிக்க முடியுமா என்று கேட்டேன். முன்சீப் கோர்ட்டுக்காக உடுத்திய வெள்ளை வேட்டியைப் பார்த்துக்கொண்டார். பிறகு சுவரைப் பார்த்தார். "ஓய், இதுக்குப் போயா கையை நோவிக்கிறீர்? அமரவிளையில் தண்ணீர்க் கஷ்டம், பொதுஜனங்கள் தவிப்புன்னு நாலு வரி போடும். ஆளு ஓடி வருவான்."

சுவருக்கு அப்பால்

பொதுஜனமாகிய நான் மறுநாளும் கயிற்றைக் கட்டினேன். உள்ளே வந்து குறட்டைப் பிடித்தபோது, வெளியே தொட்டிப் பக்கம் காலடி கேட்டது. யாரென்று கேட்டேன்.

"அடுத்த வீட்டு ஞானம்மையாக்கும். நேத்துலேர்ந்து ஒரே இடி. கயிறு பிடிக்குமா குழலை? நான் பிடிக்கேன், நீரு திருக்கும்."

ஞானம்மை மிஷன் கோயிலில் பாட்டுக்கு முன்நிற்பவர். என் மனைவி போன பிறகு எங்கள் முற்றத்தில் அவர் கால் வைத்ததில்லை. ஆண் தனியே இருக்கும் வீடு. இப்போது இடையில் சுவர் இருந்தது, அதனால் வந்தார் போலும். திருகினேன். பித்தளை ஒரு முறை கிறீச்சிட்டது. பிறகு கையோடு வந்துவிட்டது. குழலில் தேங்கியிருந்த துருத்தண்ணீர் என் காலில் கொட்டியது. வந்துவிட்டது என்று கத்தினேன். குழல் துளை வழியாகக் குரல் வந்தது, பக்கத்தில் நின்று பேசுவது போல: "பிள்ளைக்க காரியம் எங்களுக்குத் தெரியும். குளத்துல ஒருத்தியும் அவகிட்ட ஒண்ணும் கேக்கமாட்டா. பேசி வச்சிருக்கோம். வரச்சொல்லும்."

புதுக் குழாய்

சணல் சுற்றிப் புதுக் குழாயை மாட்டினேன். தண்ணீர் விழுந்தது. கேட்க வேறு யாரும் இல்லாததால் கொஞ்ச நேரம் நானே கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு மனைவிக்குக் கடிதம் எழுதினேன்: குழாய் சரியானதை முதலிலும், ஞானம்மை சொன்னதைக் கடைசியிலும்.

வில்வண்டியில் வந்து இறங்கியவளை நேரே குளிமுறிக்கு அழைத்துப்போய்க் குழாயைத் திறந்து காட்டினேன். தண்ணீரில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு அவளே திருகி மூடினாள். தோளில் மாற்றுத்துணியைப் போட்டுக்கொண்டு, முற்றத்தில் நின்ற ஞானம்மையைப் பார்த்தபடி என்னிடம் சொன்னாள்: "நல்லாத்தான் இருக்கு. அது கிடக்கட்டும், நான் அக்காகூட குளத்துக்குப் போயிட்டு வாறேன்."

ஊர்ச் செய்தியெல்லாம் நான் திரட்டி அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், என் வீட்டுச் செய்தியை ஊர் எப்போதோ வாசித்து முடித்துச் சத்தமில்லாமல் மடித்து வைத்திருந்தது.