வலது கை கியர்

என் கணவரிடம் ஆங்கிலேயர் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று உண்டு. இரண்டே இருக்கை, நீண்ட மூக்கு. பின்சக்கரங்களை ஒட்டி, தரையோடு தரையாக உட்கார வேண்டும். வெளியே பளபளக்கும் தகடு. உள்ளே அதைத் தாங்குவது மரச்சட்டம். பாதி கார், பாதி அலமாரி என்பேன். ஆங் மோ கியோ வட்டாரத்தில் ஒரு பட்டறையில் நிறுத்தியிருந்தோம்.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சும் காதும் தப்பித்தன. இடது கையும் இடது காலும் அடங்கிப்போயின. அந்தக் காரில் கியர் இடது கைக்கு, கிளட்ச் இடது காலுக்கு.

"வித்துடலாம்மா," என்றார்.

என்னிடம் இருந்தது கியர் மாற்றத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக் கார் லைசென்ஸ். ஐம்பத்து நான்கு வயதில், அவருக்குத் தெரியாமல் கையால் கியர் போடும் மேனுவல் கார் வகுப்பில் சேர்ந்தேன். முதல் தேர்வில் மேட்டில் வண்டி பின்னால் உருண்டது, தோற்றேன். இரண்டாம் முறை தேறியதைப் போனில் காட்டினேன்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வேணாம்னு சொல்வீங்க லா."

போனை வாங்கி இன்னொரு முறை படித்தார். பிறகு விற்கும் பேச்சை எடுக்கவில்லை.

இருவரும் பட்டறைக்குப் போனோம். மாதக்கணக்கில் நின்ற எஞ்சின் தடுமாறியது. இரண்டு கார்புரேட்டர்களும் சம அளவில் காற்றை இழுத்தால்தான் அது சீராக ஓடும். ரப்பர் குழாயின் ஒரு முனையை ஒவ்வொன்றின் வாயிலும் மாற்றி மாற்றிப் பிடித்தேன். மறுமுனையைக் காதில் வைத்து அவர் கண்களை மூடிக்கொண்டார்.

"இதுல சத்தம் ஜாஸ்தி. ஸ்க்ரூவ லேசா திருப்பு. இன்னும் கொஞ்சம். போதும்."

குழாயை என் காதில் வைத்தார். சோறு பொங்குவதற்கு முன் மூடிக்கடியில் எழும் மெல்லிய சீறல், இரண்டிலும் ஒன்றுபோல.

ஞாயிறு காலை கிளம்பினோம். அவ்வளவு தாழ உட்கார்ந்து பார்த்தபோது ஊரே உயர்ந்துவிட்டது. தூங்குமூஞ்சி மரங்கள் தலைக்கு மேல் மெதுவாக நீந்தின. பஸ் சக்கரங்கள் என் முகத்துக்கு நேராகச் சுழன்றன. சிராங்கூன் சாலையில் பூக்கடைகள் கண்ணில் படுமுன் மல்லிகை வாசம் மடியில் வந்து விழுந்தது.

ஒரு திருப்பத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினேன். கியர் பற்கள் உரசி அலறின. சிக்னலில் எஞ்சின் அணைந்தது.

அப்போது, இடப்பக்கம் உட்கார்ந்திருந்த அவரது வலது கை நகர்ந்து வந்து, எங்களுக்கு நடுவே இருந்த கியர் குமிழைப் பற்றியது. அந்தக் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. இத்தனை நாளில் இருவருக்குமே இது தோன்றவில்லை.

"நீ கிளட்ச மட்டும் பாரு. கியர நான் போடுறேன்."

கிளப்பினேன். "இப்ப," என்றார். மிதித்தேன். குமிழ் சத்தமின்றி இரண்டுக்குள் வழுக்கியது. "இப்ப." மூன்று. எஞ்சின் சுருதி மாறும்போதே என் கால் தானாக இறங்கத் தொடங்கியது. டோபி காட் நெருங்கும்போது அவர் "இப்ப" சொல்வதை நிறுத்தியிருந்தார். எப்போது நிறுத்தினார் என்பதை நான் கவனிக்கவே இல்லை.