இரண்டு சாவியும் ஒரே பையில்

எங்கள் அலுவலகக் கட்டடத்தில் என் வீட்டுக்காரருக்குப் பேக்கப் என்று பெயர். வாய்க்கு வந்தபடி வைத்த பெயர் இல்லை. இரண்டு பேனா, இரண்டு குடை, இரண்டு கைப்பேசி, அவ்வளவு ஏன், பைக்குள் இன்னொரு ஜோடிச் செருப்புகூட வைத்திருப்பார். கேட்டால், "அறுந்து போச்சுன்னா?" என்பார். அறுந்து நான் பார்த்ததே இல்லை.

கல்யாணத்துக்கு முன்பு நான் கீழ்த்தளத்தில் வரவேற்பு மேஜையில் இருந்தேன். அவர் கட்டடத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்பவர். மாடிக்கு மாடி சுவரில் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டிகள்தான் விளக்கு, ஏசி, லிஃப்ட் எல்லாவற்றுக்கும் உத்தரவு போடும். மின்சாரம் ஒரு நொடி கண் சிமிட்டினால் போதும், அத்தனை பெட்டியும் மயங்கி விழுந்து, எழுந்ததும் தான் யார் என்றே தெரியாமல் திருதிருவென்று முழிக்கும். நடுப்பகலில் வாசல் விளக்கு எரியும். மூன்றாம் மாடியில் பல் கிட்டிக்கும், நான்காம் மாடியில் வேர்த்துக் கொட்டும். திட்டெல்லாம் தொலைபேசி வழியாக எனக்கு வரும். நான் அதை வட்டியும் முதலுமாக அவரிடம் சேர்ப்பேன். அப்படித்தான் எங்களுக்குக் காதல் வந்தது.

என் அப்பா பேருந்து ஓட்டுநர். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு வச்சிருக்கானாமே, உனக்கும் ஒரு ஸ்பேர் வச்சிருந்தா என்ன பண்ணுவ?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. "ஓட்டிப் பாக்காம எந்த வண்டியையும் நான் நம்ப மாட்டேன்" என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மேலாளர், பெட்டிகளுக்கெல்லாம் பேட்டரி போட ஒரு திட்டம் கேட்டார். இவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எந்தப் பெட்டி எவ்வளவு கரண்ட் தின்னும், எது கட்டாயம் விழித்திருக்க வேண்டும், எது கொஞ்சம் தூங்கலாம் என்று ஏணியும் மீட்டருமாக மாடி மாடியாக அலைந்தார். வாசலில் இருக்கும் செயற்கை அருவியின் பெட்டிக்குப் பேட்டரி தேவையில்லை என்று முடிவான அன்று முகம் வாடிவிட்டது. "பாவம், அதுவும் நம்ம பெட்டிதானே" என்றார். இந்த ஆளா இன்னொருத்தியைத் தேடப் போகிறார்!

சோதனை நாளன்று அப்பா சீருடையோடு வந்து நின்றார். "லிஃப்ட்ல நானும் வரேன், தம்பி. பாதியில கரண்ட்ட நிறுத்தச் சொல்லுங்க. ஒழுங்கா வெளிய வந்தா கல்யாணத்தப் பத்திப் பேசலாம்."

இவருக்குத் தலைகால் புரியாத உற்சாகம். ஜெனரேட்டரையும் நிறுத்திவைத்துவிட்டு, மெயின் ஸ்விட்ச் பக்கத்தில் நின்ற எலெக்ட்ரீஷியனிடம், "அரை மணி நேரத்துக்குத் திரும்பப் போடாதீங்கண்ணே. யார் சொன்னாலும். நானே சொன்னாலும்!" என்று சொல்லிவிட்டு அப்பாவோடு லிஃப்டில் ஏறினார்.

மின்சாரம் போனது. சுவர்ப் பெட்டிகளின் பச்சைப் புள்ளிகள் ஒன்றுகூட அணையவில்லை. நான் குதித்தேன், நிஜமாகவே குதித்தேன். லிஃப்டை இறக்குவதற்கென்று ஏற்கெனவே ஒரு பேட்டரி உண்டு. இதுவரை அதற்கு உத்தரவு போட ஆள் விழித்திருந்ததில்லை. இன்று பெட்டி விழித்திருந்தது. லிஃப்ட் மெல்ல இறங்கி என் கண்ணெதிரே வந்து நின்றது.

"கதவு திறக்கிறது" என்றது உள்ளே பதிவுசெய்த பெண் குரல்.

கதவு திறக்கவில்லை.

"கதவு திறக்கிறது."

ம்ஹும். உத்தரவு போடும் பெட்டிக்கெல்லாம் பேட்டரி கொடுத்தவர், கதவை இழுக்கும் மோட்டாருக்குக் கொடுக்கவில்லை. பெட்டி சொல்லிவிட்டால் காரியம் முடிந்த மாதிரிதான் என்று இருந்துவிட்டார்.

"வெளியிலேர்ந்து திறக்கிற சாவி எங்க?" என்று கதவில் வாயை வைத்துக் கத்தினேன்.

"ரெண்டு இருக்கு!" என்றார் பெருமையாக. பிறகு குரல் இறங்கியது. "ரெண்டும் என் பையில இருக்கு."

எலெக்ட்ரீஷியனுக்குப் போன் அடித்தேன். "அண்ணே, மெயினைப் போடுங்க!"

"யார் சொன்னாலும் போடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரும்மா."

"அவரே சொல்றாருண்ணே!"

"அவரே சொன்னாலும் கூடாதாம்."

சிரிப்பு தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கூடவே அழுகையும் வந்தது. என் கல்யாணமே அந்தக் கதவுக்குள் மாட்டிக்கொண்டிருந்ததே!

உள்ளே அப்பாவின் குரல் கேட்டது. "ஏன் தம்பி, என் பொண்ணுக்கும் ஸ்பேர் வச்சிருக்கீங்களா?"

"கதவு திறக்கிறது."

"இல்லைங்க சார்" என்றார் அவர். "அவங்களுக்கு மட்டும் பேக்கப்பே கிடையாது. நீங்க வேணாம்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். ஒரு வழியும் தோணல."

நான் கதவில் காதை ஒட்டிக்கொண்டேன். பிறகு கதவு இரண்டும் நடுவே ஒரு விரல் அளவு விலகின. பேருந்துக் கதவுகளோடு மல்லுக்கட்டிப் பழகிய அப்பாவின் விரல்கள் தெரிந்தன. ஒரு மூச்சுப் பிடித்துத் தள்ளினார். கதவு திறந்தது. வேர்த்து வழிய வெளியே வந்தவர் திரும்பி அவரைப் பார்த்தார்.

"எங்கிட்டயும் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. பத்திரமாப் பாத்துக்கங்க."

"சரிங்க மாமா" என்றவர், பைக்குள் கையை விட்டு ஒரு சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இனிமே ஒண்ணு உங்ககிட்ட இருக்கட்டும்."

மறுவாரமே கதவு மோட்டாருக்கும் பேட்டரி வந்துவிட்டது. சாவியை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.