சேற்றுப்புண்ணும் பெரிய வியாழனும்

எல்லோரும் முகத்தைப் பார்த்துப் பேசுகிற உலகத்தில், கால்விரல் இடுக்கைப் பார்த்துப் பேசுகிற தொழில் என்னுடையது. சேலையூரில் ஒரு சின்ன கிளினிக்கில் புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸ் நான். ஈர சாக்ஸோடு பஸ்ஸில் தொங்கும் அன்பர்களே, உங்களுக்குத் தெரியாததில்லை: முதலில் அரிப்பு, பிறகு தோல் வெள்ளையாக ஊறி நாற்றம், அதன் பிறகு என் மேஜை.

பவுடர்

சிறுசேரியில் ஒரு கம்பெனி வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணன் மழைக்காலத்தில் வந்தார். பூட்ஸைக் கழற்றினால் விரல்களுக்கு நடுவே மாவு பிசைந்து வைத்தது மாதிரி இருந்தது. ஈரத்தை உறிஞ்சட்டும் என்று முகப் பவுடரைக் கொட்டியிருக்கிறார். அது கெட்டியாகிவிட, புண் அதனடியில் சுகமாக வளர்ந்திருந்தது. கழுவி, ஒற்றி எடுத்து, ஈரம் உறிஞ்சும் துணிப்பட்டையை விரலுக்கு விரல் நுழைத்தேன். இந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் கனவு மாதிரி ஆகிவிடும். ஃபேன் சுற்றும், கேம்ப் ரோடு ஹாரனெல்லாம் எங்கேயோ தூரத்தில் கேட்கும், வெள்ளைத் துணி மட்டும் கையில் நகர்ந்துகொண்டிருக்கும். அவர்தான் என்னை எழுப்பினார்: "இன்னா சிஸ்டர், தூங்கிகினே கட்றியா? வலியே தெர்ல, நீ பாட்டுக்குத் தூங்கு."

பி.டி. மாஸ்டர்

பங்குனி வெயிலில் வந்தவர் ஒரு பி.டி. மாஸ்டர். அசெம்பிளியில் பிள்ளைகளின் ஷூ பளபளக்கிறதா என்று பார்ப்பவர், தன் ஷூவுக்குள் இருந்ததை வீட்டில்கூடக் காட்டவில்லை. சர்க்கரை வேறு. சுண்டுவிரல் இடுக்கிலிருந்து சிவப்பு பாதத்தில் ஏறத் தொடங்கியிருந்தது. இன்னும் ஏறினால் விரலை எடுக்க வேண்டியதுதான் என்றார் எங்கள் டாக்டரம்மா. மாத்திரை, ஒருநாள் விட்டு ஒருநாள் புதுக் கட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று மாதா கோவிலில் ஃபாதர், இயேசு சீடர்களுக்குச் செய்த மாதிரி, பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவி முத்தமிடுவார். அதில் ஒருவர் இந்த மாஸ்டர். அன்றைக்கு மட்டும் கட்டை அவிழ்த்துவிடச் சொன்னார். மற்ற காலை நீட்டச் சொல்லலாமென்றால் அதிலும் ஊறல். பேசாமல் பேரை வாபஸ் வாங்குங்கள் சார் என்றேன். "ஸ்கூல் பசங்கல்லாம் வருவாங்க சிஸ்டர். கட்டோட உக்கார்றதும் அசிங்கம், எழுந்து போறதும் அசிங்கம்."

கூஜா

நான் கோவிலுக்குப் போகிற ஆள் இல்லை. அந்த வியாழன் மாலை போய்க் கடைசி வரிசையில் நின்றேன். பயம்தான். வெட்கத்தில் கட்டை அவிழ்த்துவிட்டு வந்திருந்தால் அந்த விரல் என்ன ஆவது? மெழுகுவர்த்தி வெளிச்சம், மெல்லிய பாட்டு, ஒவ்வொரு காலிலும் தண்ணீர் விழும் சத்தம். தூக்கத்தில் நடப்பது போல எல்லாம் மெதுவாக நடந்தது. மாஸ்டர் கடைசி நாற்காலி. செருப்பைக் கழற்றினார், என் கட்டு அப்படியே இருந்தது. ஃபாதர் கூஜாவைச் சாய்க்கப் போனபோது மாஸ்டர் குனிந்து காதில் ஏதோ சொன்னார். ஃபாதர் கூஜாவைக் கீழே வைத்தார். கட்டைத் துண்டால் பொத்திப் பிடித்து, அதன்மேலேயே முத்தமிட்டார். பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லை. நான் நன்றாக அழுதேன்.

சனிக்கிழமை கட்டைப் பிரித்தேன். சிவப்பு இறங்கி, இடுக்கு உலர்ந்திருந்தது. விரல் தப்பிவிட்டது. மாஸ்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "பன்னெண்டு பேர்ல நனையாத கால் என்னோடதுதான் சிஸ்டர். ஃபாதர் காதுல என்ன சொன்னேன் தெரியுமா? 'நனைஞ்சா சிஸ்டர் திட்டுவாங்க'ன்னேன்."

சென்னை முழுக்கத் தண்ணீர் வர வேண்டுமென்று வேண்டிக்கொள்ளும்போது, விரல் இடுக்கிலாவது வறட்சி வரட்டுமென்று வேண்டிக்கொள்ளும் ஆள் இந்தப் பக்கத்தில் நான் ஒருத்திதான்.