மைக்கில் சொன்ன பெயர்

பஞ்சாயத்து யூனியன்கள் வந்த புதிதில், அறுபதாம் வருஷத்தை ஒட்டி, சாயல்குடிக்குப் பக்கத்தில் கடலோரமாக இருந்த ஒரு கிராமத்தில் நான் கிராம சேவிகாவாக வேலை பார்த்தேன். பயிற்சி முடித்த கையோடு வந்தவள். கல்யாணம் ஆகவில்லை, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். கோழி வளர்ப்பு, புகையில்லா அடுப்பு என்று அந்த ஊர்ப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க அரசாங்கம் என்னை அனுப்பியிருந்தது. அவர்களோ பாதிப் பொழுதைத் தண்ணீருக்கே கொடுத்துவிட்டு வந்து, நான் பேசுவதைத் தூங்கி வழிந்துகொண்டே கேட்பார்கள்.

தண்ணீர்க் கஷ்டத்துக்கு வானத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. ஊருணிக்கு மழைத் தண்ணீரைக் கொண்டுவரும் கால்வாயை, ஊரிலேயே பெரிய நிலக்காரர் ஒருவர் மறித்துத் தன் வயலுக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். ஊருணி காய்ந்துபோனது. பெண்கள் கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பினார்கள். யார் செய்த வேலை என்று ஊருக்கே தெரியும். ஆனால் அவர் பெயரைச் சொல்லிக் கேட்க ஓர் ஆண்பிள்ளைக்கும் துணிச்சல் இல்லை. பாதிப் பேருக்கு அவர் வயலில்தான் கூலி.

அவரை எதிர்த்துத்தான் என் பக்கத்து வீட்டு அக்கா பஞ்சாயத்துத் தேர்தலில் நின்றார். சந்தையில் கருவாடு விற்பவர். அவர் விலை சொன்னால் சந்தைக்கு அந்தப் பக்கம் கேட்கும். அப்படிப்பட்டவருக்கு மேடையில் ஒரே ஒரு சங்கடம் இருந்தது. நிலக்காரரின் பெயர் முனியசாமி. அக்காவின் கணவர் பெயரும் முனியசாமி.

அந்தப் பக்கத்தில் தெருவுக்கு நாலு முனியசாமி உண்டு, அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் கட்டிய புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அக்கா எல்லைக் கோயில் முனியசாமியைக்கூட 'குதிரைக்காரச் சாமி' என்றுதான் கும்பிடுவார். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் கணவர் பெயர் கேட்டால், பக்கத்தில் நிற்பவரைத் திரும்பிப் பார்ப்பார். அவர்தான் சொல்வார்.

அதனால் பிரசாரத்திலும் 'ஒருத்தர்', 'மேலத்தெருக்காரர்' என்றே பேசிவந்தார். நிலக்காரர் சும்மா இருப்பாரா? அவருடைய கூட்டத்தில் சிரித்துக்கொண்டே பேசினார்.

"மேலத்தெருவில நாங்க இத்தனை பேரு இருக்கோம். யாரைச் சொல்லுதுன்னு அந்தம்மாவையே கேளுங்க. எம் பேரைச் சொல்ல வாய் வராத பொம்பளை, அதிகாரிக முன்னால போயி என்னத்தப் பேசப்போகுது?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவருடைய ஆட்கள் அக்காவின் பெயரை ஏலம் போடுகிற மாதிரி கூவினார்கள். ஆண்கள் மேடையேறினால் யார் பெயரை வேண்டுமானாலும் இழுக்கலாம், ஏசலாம். அதே மேடையில் ஒரு பெண்ணின் நாக்குக்கு மட்டும் பூட்டு. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"இதென்னக்கா, வெறும் பேருதானே, சொல்லிருங்க" என்றேன். அக்கா காயப்போட்ட கருவாட்டைத் திருப்பிப் போட்டார். அவர் கணவர் நெஞ்சு வியாதியால் இராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்தால் போதும் என்று அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். தெரிந்தும் எனக்கு அது உறைக்கவில்லை.

கடைசிக் கூட்டம் ஒரு சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. பாட்டரி மைக், பனைமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி. நான் அரசாங்க வேலைக்காரி என்பதால் ஓரமாக நின்றேன். அக்கா கால்வாய்ப் பேச்சை எடுத்ததுமே நிலக்காரரின் ஆள் ஒருவன் எழுந்தான்.

"யாருன்னு பேரைச் சொல்லு ஆத்தா."

அங்கங்கே நின்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். பேரைச் சொல்லு, பேரைச் சொல்லு என்று ஒரே இரைச்சல். அக்கா பேச்சை நிறுத்தினார். ஒரு கை தாலியைப் பிடித்திருந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண், "வேணாந்தா, எறங்கி வந்துரு" என்று அழாத குறையாகக் கெஞ்சினாள்.

அக்கா மைக்குக்குக் கிட்டே போனார்.

"கால்வாயை மறிச்சது முனியசாமி."

மைதானமே அடங்கிப்போனது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எல்லாத் தலைகளும் பின்பக்கம் திரும்பின. அங்கே அக்காவின் கணவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருமினார். அந்த இருமலைக் கேட்டதும், வெறும் பேருதானே என்று சொன்ன நானே அக்காவின் தாலியைப் பார்த்தேன். அவர் தரையில் கையை ஊன்றி மெல்ல எழுந்து நின்றார்.

"பின்னால சரியாக் கேக்கலை. இன்னொரு தடவை நல்லாச் சொல்லு."

நானும் அங்கிருந்த பெண்கள் பலரும் அழுதுவிட்டோம். அக்கா கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. இந்தத் தடவை வந்தது சந்தைக் குரல்.

"கால்வாயை மறிச்சது முனியசாமி. ஊருணியைக் காயப்போட்டதும் முனியசாமி. தண்ணிய விடுறியா இல்லையான்னு அந்த முனியசாமிகிட்ட எல்லாரும் போயிக் கேளுங்க."

முன்வரிசையில் கெஞ்சிய பெண்ணே முதலில் அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னாள். பிறகு ஆண்கள். பேரைச் சொல்லு என்று கத்தியவர்கள் எப்போது போனார்கள் என்று யாரும் கவனிக்கவில்லை. ஒரு வருஷமாக ஊரே மென்று விழுங்கிய பெயர், அன்றைக்கு எல்லார் வாயிலும் சத்தமாக வந்தது.

ஓட்டுப் போடும் நாளுக்கு முன்பே ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு போய்க் கால்வாய் மறிப்பை வெட்டிவிட்டார்கள். நிலக்காரர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அக்கா ஜெயித்தார். அவர் கணவரும் தேறி, பேரன் பேத்தி எடுத்துவிட்டுத்தான் போனார்.

ஆனால் எனக்கு மறக்க முடியாதது கூட்டத்துக்கு மறுநாள் காலை நடந்ததுதான். வழக்கம்போல அக்கா வாசலில் கருவாடு உலர்த்திக்கொண்டிருந்தார். நான் சும்மா இருக்கமாட்டாமல், "அதான் சொல்லியாச்சே. இனிமே வீட்டுலயும் பேரு சொல்லியே கூப்பிடலாமேக்கா" என்று சீண்டினேன்.

அக்கா என்னை ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"சேவிகாம்மா, நேத்துச் சொன்னது தண்ணிய மறிச்ச ஆளு பேரு. எங்க வீட்டு அவுக பேரை நான் எங்க சொன்னேன்?"

சொல்லிவிட்டு வீட்டுக்குள் பார்த்து, "இங்க பாருங்க, கஞ்சி ஆறுது" என்று குரல் கொடுத்தார்.

வெறும் பெயர்தானே என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் மேடையில் மணிக்கணக்காக முழங்கக் கேட்டுவிட்டேன், ஒன்றும் மனதில் நிற்கவில்லை. ஆனால் எங்கேயாவது ஒரு பெண் மைக் முன்னால் வந்து ஒரு நொடி தயங்கி நின்றால், அவர் எதைத் தாண்டி அந்தச் சொல்லைச் சொல்ல வருகிறாரோ என்று இன்றைக்கும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன்.