மாடியில் குடிவந்தவள்

இரண்டாயிரத்து மூன்றோ நாலோ இருக்கும். தட்டாஞ்சாவடி கம்பெனியில் மதியம் சாப்பிடும்போது, முந்தின நாள் பார்த்த சீரியலின் மீதிக் கதையை நாங்களே வளர்த்துச் சொல்வோம். என் முறை வந்தபோது, நாயகன் வீட்டு மாடியில் எங்கள் பக்கத்து உழவர்கரைப் பெண் ஒருத்தியைக் குடிவைத்தேன். எங்களைப் போலவே டிபன் பாக்ஸோடு வேலைக்குப் போகிறவள்.

"சீரியல்ல இல்லாத ஆள எதுக்குடி உள்ள வுடற? நீயே பூந்துக்கப் பாக்கறியா?" என்றாள் கூட வேலை பார்த்த தோழி ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். சீரியலில் நகையோடு தூங்குகிற மாமியார் நிஜம், இவள் மட்டும் பொய்யா என்று எனக்கு எரிச்சல். மறுநாள் கதையிலேயே அவளை வீட்டைக் காலி பண்ண வைத்துவிட்டேன்.

போன வாரம் அந்தத் தோழியை பஸ்ஸில் பார்த்தேன். நாயகன் பெயர் இருவருக்குமே மறந்துபோயிருந்தது. இறங்கும்போது சொன்னாள்: "அந்த மாடி வூட்டுப் பொண்ண அனுப்பியிருக்க வேணாம்டி. அந்தக் கதையில நமக்குத் தெரிஞ்சவ அவ ஒருத்திதான்."