இசபெலின் கரிக்கோடுகள்

இசபெலுக்கு ஐம்பத்து மூன்று வயது. நோர்வூட்டுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தைந்து வருடமாகக் கொழுந்து பறிக்கிறாள். போன ஜூன் மாத மழையில், ஐந்தாம் நம்பர் மலையில் மழைநீர் ஓடும் கானைத் தாண்டும்போது வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். எலும்பு ஆறு வாரத்தில் பொருந்திவிட்டது. அதற்குப் பிறகுதான் காரியம் கெட்டது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும், மறுபடி முறிந்துவிடும் என்ற பயத்தில், கையைச் சேலைத்துண்டில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டபடியே மூன்று மாதம் இருந்தாள். தோள் இறுகிவிட்டது. கையைத் தூக்கினால் மார்புக்கு மேலே போகவில்லை.

கொழுந்து பறிக்க இடுப்பளவு உயரம் போதும். ஆனால் பறித்ததைக் கூடையில் போட வேண்டுமே. பிடி நிறைந்ததும் கையைத் தோளுக்கு மேலாக வீசி முதுகில் தொங்கும் கூடைக்குள் எறிய வேண்டும். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான தடவை.

அழகன் கங்காணி அவளுடைய லயத்து வீட்டுக்கே வந்து சொன்னார்: "பெப்ரவரி வரைக்கும் பாப்போம்னு தொரை சொல்லியிருக்காரு. அதுக்குள்ள மலைக்கு வந்து முழுப்பேரு போடணும். இல்லாட்டி வேலைக்கு ஏலாதுன்னு எழுதி அனுப்பிருவாங்க."

முழுப்பேர் என்றால் அன்றைக்குரிய பதினெட்டுக் கிலோவையும் பறித்து நிறுத்துக் கொடுப்பது. குறைந்தால் அரைப்பேர்.

டவுன் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் படம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். எழுத்தெல்லாம் சிங்களம். நான் பராமரிப்பு வேலைக்குப் படித்து, கொழும்பில் பதினொரு வருடம் முதியவர்களைப் பார்த்துக்கொண்டவள் என்பதால் தாளை என்னிடம் கொண்டுவந்தாள்.

"இந்தப் படத்து நோனாவப் பாருங்கக்கா. சப்பாத்தும் ட்ரவுசரும் போட்டுக்கிட்டு சிரிச்சிக்கிட்டே கையத் தூக்குறா. இவளுக்கு கைதான் நல்லா இருக்கே, பெறகு என்னாத்துக்கு எக்சர்சைஸ்?"

பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும் பெண்களும் அதையேதான் கேட்டார்கள். "காலையில மலையேறி அந்தியில எறங்குற நமக்கு எக்சர்சைஸா? இசபெலு, ஒலிம்பிக்குக்கா போகப்போற?"

பயிற்சி எளிது. சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் பல்லி மாதிரி மேலே ஏற வேண்டும். ஏறிய இடத்தில் பத்து எண்ணும்வரை நின்று இறங்க வேண்டும். காலையில் பத்து, மாலையில் பத்து. விரல் தொட்ட உச்சியில் ஒரு கரிக்கோடு போடச் சொன்னேன். இடது கை தொட்ட இடத்தில் மேலே ஒரு நீளமான கோடு போட்டேன். போய்ச் சேர வேண்டிய இடம் அது.

இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். கோடுகள் எல்லாம் ஒரே இடத்தில், ஒன்றின் மேல் ஒன்றாகத் தடித்துக் கிடந்தன. அவளைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்றேன். முகம் சுருங்குவதற்கு முன்பே கை இறங்கிவிட்டது.

"நோவு வாறதுக்கு முந்தியே எறங்குற புள்ள. அங்க இருந்துதான் வேலையே தொடங்குது."

"நொந்தா ஒடைஞ்சிரும்னு இருக்குக்கா."

"எலும்பு ஒட்டியாச்சு. எக்ஸ்ரே படத்துல நீயே பாத்த. இப்ப நோவுறது இறுகின சதை. நோவுற எடத்துக்கு மேல ரெண்டு விரல் போ. பத்து எண்ணு. எறங்கு."

போனாள். கண்ணில் தண்ணீர் வந்தது, பத்தையும் எண்ணினாள். அன்று கோடு இரண்டு விரல் உயர்ந்தது.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது: பத்துக்கு மேல் போகக் கூடாது என்பது. எங்கள் பெண்கள் கொழுந்து காலத்தில் கூடுதல் காசு தரும் ஓவர் கிலோவுக்குப் பழகியவர்கள். பதினெட்டு முடிந்தால் நிற்கமாட்டார்கள். இருபத்தைந்து, முப்பது என்று ஓடுவார்கள். இரண்டு விரலில் பலன் கண்ட இசபெல், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, பத்துக்குப் பதிலாக இருநூறு தடவை சுவர் ஏறியிருக்கிறாள். ஒரு மாத வேலையை ஒரே நாளில் முடித்துவிடலாம் என்ற கணக்கு.

திங்கட்கிழமை தோள் வீங்கிச் சுட்டது. ஐந்து நாள் தலைவார முடியவில்லை. கோடு ஒரு சாண் கீழே இறங்கிவிட்டது. மறுபடி சேலைத்துண்டு கழுத்துக்கு ஏறியது.

"இனி இந்தச் செவத்த தொடமாட்டேன்," என்றாள்.

அவள் புருஷன் அந்தோனிமுத்து ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலை ஆலையில் வேலை செய்கிறவர். "நானே தலைய வாரி விட்டேங்கக்கா. கோணல் மாணலா இருக்குன்னு அதுக்கும் ஏச்சு," என்றார். அவள் சிரிக்கவில்லை.

தவறு என்னுடையதும்தான். அதனால் அளவைச் சரியாகச் சொன்னேன். பயிற்சி முடிந்து ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரத்துக்குள் நோவு அடங்கினால் சரியான அளவு. மறுநாள் காலையிலும் இருந்தால் அதிகம். நோவே வரவில்லை என்றால் வேலையே நடக்கவில்லை.

வீக்கம் வடிய ஒரு வாரம் விட்டேன். எட்டாவது நாள், கூப்பிடாமலே, அவளாகத் துண்டை அவிழ்த்துவிட்டுச் சுவர் முன் நின்றாள். நான் பார்த்த நோயாளிகளில் பலர் இந்த இடத்தில்தான் நின்றுபோனார்கள். முதல் தடவை நோவைத் தாங்குவது பெரிய காரியமில்லை. அது என்னவென்று அப்போது தெரியாது. தெரிந்த பிறகு அதே இடத்துக்கு மறுபடி கையைக் கொண்டுபோவதற்குத்தான் நெஞ்சு வேண்டும். பத்துத் தடவை ஏறினாள். பதினோராவதுக்கு விரல் துடித்தது தெரிந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து தேநீர் குடித்தாள்.

டிசம்பரில் நத்தார் பண்டிகைக்கு அந்தோனிமுத்து தங்கள் காம்பரா அறைக்கு வெள்ளையடித்தார். கரிக்கோடு இருந்த ஒரு முழ அகலத்தை மட்டும் அடிக்காமல் விட்டிருந்தார்.

"சாமி படத்தக்கூட பாக்காம வாறவங்க எல்லாம் இந்தக் கரியத்தான் பாக்குறாங்க," என்று குறைப்பட்டுக்கொண்டார். ஆனால் கோடு எத்தனை விரல் ஏறியிருக்கிறது என்று எனக்குச் சொன்னவரும் அவர்தான்.

ஜனவரியில் இசபெலே ஒரு பயிற்சியைக் கண்டுபிடித்தாள். பழைய கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, உதிர்ந்த கொய்யா இலைகளைப் பிடி பிடியாக எடுத்துத் தோளுக்கு மேல் வீசினாள். முதலில் இலை கூடையைத் தவிர எல்லா இடத்திலும் விழுந்தது. கோழிகள் பயந்து ஓடின. பீலிக்கரைப் பெண்கள் குடத்தை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள், ஆனால் நிறுத்தவில்லை. இருபது வீச்சு. மறுநாள் இருபத்திரண்டு. அந்தத் தாளில் அப்படி ஒரு படம் இல்லை. இருந்திருக்க வேண்டும்.

பெப்ரவரி முதல் திங்கட்கிழமை, வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டில் நின்றாள். ஐந்தாம் நம்பர் மலையில் அவளுக்கு ஒரு நிரை கொடுத்தார்கள். அந்தியில் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு நான் போனேன். காலையில் வீசியதில் பாதி தோளிலும் தலைத்துண்டிலும் விழுந்ததாகவும், பத்து மணிக்குப் பிறகு கை வழி கண்டுகொண்டதாகவும் பக்கத்து நிரைப் பெண்கள் சொன்னார்கள்.

மூன்றாவது நிறுவையோடு பதினெட்டுக் கிலோ இருநூறு கிராம். அழகன் கங்காணி முழுப்பேர் போட்டார். பிறகு சும்மா இருக்க முடியாமல் கேட்டார்:

"இன்னும் அரை மணி நேரம் இருக்கு இசபெலு. நிரையில கொழுந்தும் நிக்கிது. ஓவர் கிலோ பாக்கலியா? பழைய இசபெலுன்னா விட்டுருப்பாளா?"

இசபெல் கூடையை இறக்கி வைத்தாள்.

"பழைய இசபெலுதான் கைய வீங்க வச்சிக்கிட்டா கங்காணி. நான் நாளைக்கும் பெரட்டுக்கு வரணும்."

மறுநாள் விடியற்காலை போய்ப் பார்த்தேன். தோளில் சூடு இல்லை, வீக்கம் இல்லை. மலைக்குப் போகும் உடுப்போடு சுவர் முன் நின்று ஏறிக்கொண்டிருந்தாள். பத்தாவது தடவை விரல் நின்ற இடத்தில் கோடு போட்டாள். இடது கையின் கோட்டுக்கு இன்னும் நாலு விரல் இருந்தது.

"அது ஈஸ்டருக்குள்ள வந்துரும்க்கா," என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு பெரட்டுக்குப் போனாள்.